ஸ்வீடிஷ் நீச்சல் கண்ணாடி: போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு வாங்கலாமா?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக், 200 மீட்டர் பட்டர்ஃபிளை. மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கைவீச்சை எண்ணியே நீந்தி 1:52.03-ல் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். நம் பிள்ளைக்கு அந்தச் சோதனை எதற்கு?

ஸ்வீடனின் மால்ம்ஸ்டன் நிறுவனம் செய்யும் இந்த ஸ்வீடிஷ் கண்ணாடி பிரித்த நிலையில்தான் வரும்: 2 லென்ஸ், நூல், சிறு குழாய், ரப்பர் பட்டை. நூலைக் குழாய்க்குள் விட்டு, 2 லென்ஸையும் கோத்து, மூக்குக்கு அளவாக இழுத்து முடிச்சுப் போடவேண்டும். இடைவெளி கொஞ்சம் கூடினாலும் மூக்கோரம் ஒழுகும். பட்டை மாட்டாமல் லென்ஸைக் கண்குழியில் அழுத்திப் பாருங்கள். ஓரிரு நொடி ஒட்டி நின்றால் அளவு சரி. ஒழுகுகிறதே என்று பட்டையை இறுக்குவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. கண்ணைச் சுற்றித் தடம் விழும், ஒழுக்கு நிற்காது.

லென்ஸ் விளிம்பில் மெத்தென்ற ரப்பரோ சிலிகானோ கிடையாது. விளிம்பில் பிசிறு இருந்தால் நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். குளோரினில் ரப்பர் இற்றுப்போகும், கூடுதலாக ஒரு பட்டை வாங்கி வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு சிலிகான் விளிம்பு வைத்ததே போதும்.