ஃபைனல் ஃபேன்டசி எக்ஸ்: சண்டையை அணைத்துவிட்டு ஆடினால் கதை நிற்குமா?

ஜப்பானிய ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் வீடியோ கேம், பற்றிப் பேச்சு எழுந்தாலே இரண்டு கட்சி பிரிந்துவிடும். கதைக்காகத்தான் ஆடுகிறேன், சண்டை வெறும் தொல்லை என்பது ஒரு கட்சி. பேசியே சாகடிக்கிறார்கள், எப்போதுதான் ஆட விடுவார்கள் என்பது இன்னொரு கட்சி. ஃபைனல் ஃபேன்டசி எக்ஸை முதலில் நண்பனின் அறையில் பிளேஸ்டேஷன் 2-ல் ஆடினேன், அப்புறம் என் கணினியில் எச்டி பதிப்பை வாங்கிப் பல வருடமாகத் திரும்பத் திரும்ப ஆடுகிறேன். இந்த இரண்டு கட்சியிலும் சேர எனக்கு மனம் வரவில்லை. கதைக்கு இத்தனை மணி நேரம், ஆட்டத்துக்கு இத்தனை மணி நேரம் என்று பங்கு பிரித்துப் பார்ப்பதே வீண் வேலை. பட்டனை அழுத்தும் நம் கை கதைக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இனி வருவதில் கதையின் முக்கியத் திருப்பங்கள் எல்லாம் உடையும். ஆடாதவர்கள் ஆடிவிட்டு வாருங்கள். 2001 ஜூலையில் ஜப்பானில் வெளியான கேம், இன்னும் ரகசியம் காக்க முடியாது.

ஸ்பைரா என்ற உலகம். சின் என்ற மலை போன்ற ஜந்து ஊர் ஊராக அழித்துக்கொண்டு வருகிறது. அதை அடக்க யூனா என்ற இளம் சம்மனர் யாத்திரை கிளம்புகிறாள். வழியில் கோயில் கோயிலாகப் போய், ஒவ்வொரு கோயிலிலும் ஒரு ஈயானைப் பெறுகிறாள். ஈயான்கள் அவள் அழைத்தால் வந்து போரிடும் தெய்வ உருவங்கள். வேறொரு காலத்திலிருந்து வந்து விழுந்தவனைப் போன்ற டீடஸ், அவளுடைய காவலர்களில் ஒருவனாகச் சேர்கிறான். நாம் ஆடுவது அவனாக.

ஆர்பிஜி ஆடிப் பழகியவர்களுக்கு இது தெரிந்த பாதை. புது ஊர், புது சக்தி, அடுத்த ஊர். வால்ஃபோர், இஃப்ரிட், இக்ஸியன், சிவா என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது சந்தோஷமாக இருக்கும். மூன்ஃப்ளோ ஆற்றைக் கடக்கும்போது அல் பெட் இனத்தவர் ஓர் இயந்திரத்தை அனுப்பி யூனாவைத் தூக்கிக்கொண்டு போகப் பார்ப்பார்கள். டீடஸும் இன்னொரு காவலனான வக்காவும் தண்ணீருக்குள் குதித்து அந்த இயந்திரத்தை உடைத்து அவளை மீட்பார்கள். நாமும் ஒரு வில்லன் கூட்டத்தை விரட்டிவிட்டோம் என்று நடையைக் கட்டுவோம்.

பாலைவனத்தில் அல் பெட்களின் ஊரான ஹோமில்தான் உண்மை வெளியே வரும். யாத்திரையின் முடிவில் சின்னை வீழ்த்தும் சம்மனர் அந்த இடத்திலேயே சாக வேண்டும். கூட இருந்த எல்லோருக்கும் அது முன்பே தெரியும். டீடஸுக்கும் நமக்கும் மட்டும்தான் தெரியாது. அல் பெட்கள் கடத்தப் பார்த்தது அவளைக் காப்பாற்றத்தான். அதுவரை நாம் சேர்த்த ஒவ்வொரு ஈயானும் அவளைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோன ஒரு அடி. இதை ஒரு சினிமாவில் பார்த்திருந்தால் டீடஸுக்காக வருத்தப்பட்டிருப்போம், அவ்வளவுதான். இங்கே ஆற்றுக்குள் குதித்து அந்த இயந்திரத்தை உடைத்த கை நம்முடையது. ஆர்பிஜியில் பலம் சேர்ப்பது என்ற பழக்கத்தையே எடுத்து நமக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள். எத்தனை முறை ஆடினாலும் அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சண்டை முறையும் கதையோடு ஒட்டித்தான் வருகிறது. நம் கூட்டத்தின் ஏழு பேரில் மூன்று பேர்தான் ஒரே சமயத்தில் களத்தில் நிற்கலாம். ஆனால் யாருடைய டர்னிலும் ஒரு பட்டனைத் தட்டி அவரை வெளியே அனுப்பி வேறொருவரைக் கொண்டுவரலாம், அதற்கு டர்ன் வீணாகாது. அடுத்து யார் அடிப்பார்கள் என்ற வரிசை திரையின் ஓரத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். பறப்பதை அடிக்க வக்காவின் பந்து, ஓடு போர்த்தியதை உடைக்க ஆரனின் வாள், கூழ் மாதிரி நெளிவதற்கு லூலூவின் மந்திரம், இயந்திரம் வந்தால் ரிக்கு கை வைத்துக் கழற்றிவிடுவாள். ஒரு தடவையாவது ஏதாவது செய்தவருக்குத்தான் ஏபி என்ற பலம் கூட்டும் புள்ளி கிடைக்கும் என்பதால் ஏழு பேரையும் மாற்றி மாற்றி இறக்குவோம். கடைசியில் ஏழு பேரும் சேர்ந்தேதான் நடந்து வந்தார்கள் என்ற உணர்வு தானாக வந்துவிடும். யாரும் வசனம் பேசி அதை நிரூபிக்க வேண்டியதில்லை. அல் பெட் என்றாலே வெறுக்கும் வக்கா, இயந்திரம் எதிரில் வந்தால் அல் பெட் பெண்ணான ரிக்குவுக்கு வழிவிட்டு நிற்கிறான். அவனுடைய மனமாற்றத்தைக் காட்டும் காட்சிகளைவிட இது எனக்குப் பிடிக்கும்.

யூனலெஸ்கா சண்டைக்கு வருவோம். ஆயிரம் வருடத்துக்கு முன் சின்னை முதன்முதலில் வீழ்த்திய சம்மனர் இவள். செத்தும் போகாமல் நின்றுகொண்டு, சாவுதான் நம்பிக்கை என்று வருகிறவர்களுக்கெல்லாம் போதிக்கிறாள். நம் கூட்டம் அதை ஏற்க மறுப்பதால் சண்டை. நடுவில் எல்லோரையும் ஸோம்பி ஆக்கிவிடுவாள். அந்த நிலையில் குணமாக்கும் மந்திரமே நம்மை அடிக்கும், அதனால் முதல் வேலையாக ஹோலி வாட்டரை எடுத்துத் தெளிக்கத்தான் கை போகும். மூன்றாவது உருவம் எடுத்ததும் மெகா டெத் என்று ஒன்றை விடுவாள். ஸோம்பியாக இல்லாதவர்கள் எல்லோரும் அந்த இடத்திலேயே காலி. அதாவது அவளை எதிர்த்து உயிரோடு இருக்க வேண்டுமென்றால் கொஞ்சம் செத்தவர்களாக இருக்க வேண்டும்! முன்னால் அவள் பேசிய தத்துவம் முழுவதையும் ஒரு நிலைக்குறியில் அடக்கிவிட்டார்கள்.

அதே சண்டையில்தான் இந்த கேமின் மிக மோசமான குறையும் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 2-ல் காட்சிகளைத் தாண்ட வழியே கிடையாது. மெகா டெத்தில் செத்தால், சேவ் செய்த இடத்திலிருந்து கிளம்பி, யூனலெஸ்காவின் உபதேசம், ஆரனின் கோபம், ஒவ்வொருவரும் சூளுரைப்பது என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். முதல் தடவை மயிர்க்கூச்செறிய வைத்த வசனம், மூன்றாவது தடவை "சரி சரி, தெரியும்" என்று ஆகிவிடும். ககாசெட் மலையில் சீமோர் என்ற வில்லனுடன் வரும் சண்டைக்கு முன்னாலும் இதே கதைதான். ஒரு நல்ல காட்சியைக் கெடுக்க வேறு எதுவும் வேண்டாம், கடினமான பாஸுக்கு, அதாவது பெரிய எதிரிக்கு, முன்னால் அதை வைத்தால் போதும். கணினிப் பதிப்பில் காட்சிகளைத் தாண்டலாம். அந்த ஒரு வசதிக்காகவே பழைய பதிப்புக்குத் திரும்ப மாட்டேன்.

கணினிப் பதிப்பில் இன்னும் சில சுகங்கள் உண்டு. ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டலாம், வழியில் எதிரிகளே வராமல் செய்யலாம், ஆட்களைப் பலப்படுத்தக் குறுக்குவழியும் வைத்திருக்கிறார்கள். கதையை மட்டும் இன்னொரு தரம் பார்ப்போமே என்று எதிரிகளை அணைத்துவிட்டு ஒரு முறை ஆடிப் பார்த்தேன். மிஹென் நெடுஞ்சாலை சில நிமிடத்தில் முடிந்தது. மகலானியா காடு, அமைதிச் சமவெளி எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வந்து போயின. பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பியவரை வாசலிலேயே பஸ்ஸில் ஏற்றி அடிவாரத்தில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. காட்டு ஏரியில் டீடஸும் யூனாவும் நிற்கும் புகழ்பெற்ற காட்சி, எல்லோரும் கொண்டாடும் காட்சி, இந்த முறை வெறும் அழகான படமாகத்தான் தெரிந்தது. காயம் ஆற்றும் போஷன் தீர்ந்துபோய் அடுத்த சேவ் பாயின்ட் வரை தட்டுத்தடுமாறி வந்த அலுப்பு இல்லாவிட்டால், அந்தக் காட்சியில் அவர்கள் நின்று மூச்சுவிடுவதற்குப் பொருளே இல்லை. சண்டை தொல்லை என்று சொல்லும் நண்பர்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்தத் தொல்லைதான் அந்த ஊர்களுக்கு நடுவில் இருக்கும் தூரம்.

மறுபக்கமும் உண்டு. கடைசிப் போருக்குப் போவதற்கு முன் பறக்கும் கப்பல் கிடைத்து உலகம் திறந்துவிடும். அங்கேதான் கேம் தன் கதையை மறந்துவிடுகிறது. லூலூவின் சிறந்த ஆயுதம் முழு பலம் பெற, இடி விழும் சமவெளியில் தொடர்ந்து 200 மின்னலைத் தப்ப வேண்டும். அந்த உலகத்துப் பந்து விளையாட்டான பிளிட்ஸ்பாலில் இதுதான் என் கடைசி ஆட்டம் என்று வக்கா உருக்கமாக விடைபெற்றிருப்பான், ஆனால் அவனுடைய ஆயுதம் முழு பலம் பெற அந்தப் போட்டிக்கே திரும்பிப் போக வேண்டும். இதெல்லாம் செய்து ஒரே அடியில் 99,999 எடுக்கும் ஆட்களோடு, கடைசிப் போரில் எதிரியாக வரும் ஜெக்டின் முன்னால் போய் நின்றால், டீடஸின் அப்பா நம்மிடம் ஒரு வார்த்தை பேசுவதற்குள் விழுந்துவிடுகிறார். அந்தச் சண்டையில் டீடஸுக்குப் 'பேசு' என்று தனியாக ஒரு கட்டளை உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் ஜெக்டின் வெறி அளவைக் காட்டும் கோடு, நிரம்பினால் பெரிய அடி விழும் கோடு, இறங்கும். வாழ்நாள் முழுக்க அப்பாவை வெறுத்தவன் சண்டைக்கு நடுவில் அவரோடு பேசுவதே தற்காப்பாக அமைகிறது. அளவுக்கு மீறிப் பலம் சேர்த்தவருக்கு அந்தக் கட்டளையைத் திறக்கவே அவசியம் வராது.

ஜெக்டுக்கு அப்புறம் நடப்பது இன்னும் துணிச்சல். யாத்திரை முழுக்கச் சேர்த்த ஈயான்களை யூனா ஒவ்வொன்றாக அழைக்க, நாமே அவற்றைக் கொல்ல வேண்டும். நம் கூட்டம் முழுவதற்கும் ஆட்டோ-லைஃப், அதாவது விழுந்தால் தானாக எழும் வரம், போட்டுவிடுவதால் அங்கே சாதாரணமாகத் தோற்கவே முடியாது. சவால் என்று பார்த்தால் பூஜ்யம். ஆனால் வால்ஃபோரை வெட்டும்போது அது முதல் கோயிலில் கிடைத்தது என்று நினைவு வரும். யாராவது இதைக் காட்சியாகவே போட்டிருக்கலாமே என்று கேட்டால், கூடாது என்பேன்.

டீடஸின் பெயர் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. ஆட்டத்தின் தொடக்கத்தில் அவனுக்கு நமக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாம். அதனால் குரல் கொடுத்த நடிகர்கள் யாரும் அவன் பெயரைச் சொல்வதே இல்லை. உயிரைக் கொடுக்கிற காதலில் யூனா ஒரு தடவைகூட அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். பெயர் வைக்கும் சுதந்திரத்தை யாரும் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்குக் கதை கொடுத்த விலை அதிகம்.

இதே வரிசையில் 2009-ல் வந்த 13-ஐ நேர்க்கோட்டுப் பாதை என்று திட்டுவார்கள். எக்ஸும் பெரும்பாலும் நேர்க்கோடுதான். ஆனால் இங்கே பாதையில் ஆட்கள் நின்று சம்மனரை வாழ்த்துவார்கள், வழிப்போக்கர் ஒருவர் மீண்டும் எதிர்ப்படுவார். 13-ல் யாரும் எதிர்ப்படாத தாழ்வாரமாக அது பத்து அத்தியாயம் நீளும், 11-வதில்தான் வெளி திறக்கும். பர்சோனா 5 ராயல் என்ற இன்னொரு ஜப்பானிய ஆர்பிஜியோ வேறு விதமாகச் சறுக்குகிறது. நண்பர்களோடு பழகினால் சண்டையில் சக்தி கிடைக்கும் என்பது பிரமாதமான யோசனை. ஆனால் மருத்துவர் டகேமியிடம் நான் ஓடோடிப் போவது அவள் கதையைக் கேட்கவா, மந்திர சக்தி தானாக ஊறும் பட்டையை வாங்கவா என்றால், பட்டைக்குத்தான். எந்தப் பதிலுக்கு அதிகப் புள்ளி என்று பார்த்துச் சொல்ல ஆரம்பித்த பிறகு அந்த நட்பு எதற்கு?

வாங்க நினைப்பவர்களுக்கு: முதல் முறை வேகம், குறுக்குவழி எதையும் தொடாதீர்கள், எதிரிகளையும் அணைக்காதீர்கள். கோயில்களுக்குள் கல்லை நகர்த்தும் புதிர்கள் அலுப்பூட்டும், அங்கே மட்டும் வழிகாட்டியைப் பார்த்துவிடலாம், குற்றமில்லை. கடைசிப் போருக்கு முன் பக்க வேலைகளில் இறங்கினால் ஓர் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த எச்டி பதிப்போடு, 2003-ல் வந்த தொடர்ச்சியான எக்ஸ்-2-வும் சேர்ந்தே கிடைக்கும். அதில் ஆரம்பத்திலேயே கப்பல் கையில், எங்கு வேண்டுமானாலும் போகலாம், கதையைச் சதவீதமாக எண்ணி நூறு வந்தால்தான் முழு முடிவைக் காட்டுவார்கள். சண்டை நடுவில் உடை மாற்றி ஆடும் முறை மட்டும் எக்ஸைவிடப் பல மடங்கு சுறுசுறுப்பு. சாயங்காலம் அரை மணி நேரம் கிடைத்தால் அதைத் திறந்து இரண்டு சண்டை போடுகிறேன். கதை எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டேன்.