பிளாஸ்மா, க்னோம், சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ: அழகுபடுத்தியது எதில் நிலைக்கும்?

லினக்ஸ் டெஸ்க்டாப்பின் தோற்றத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் ஒரு டெஸ்க்டாப்பில் அதற்கான இடம் செட்டிங்ஸிலேயே இருக்கும், இன்னொன்றில் கொல்லைப்புற வழியாகத்தான் நுழைய வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்தால் இரண்டும் ஒரே அழகு. அடுத்த பெரிய அப்டேட் வரும்போதுதான் சாயம் வெளுக்கும். எனவே எதில் எவ்வளவு மாற்றலாம் என்பதை விட்டுவிட்டு, மாற்றியது எவ்வளவு காலம் தாங்கும் என்ற கணக்கில் பிளாஸ்மா, க்னோம், சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ என்ற நான்கு லினக்ஸ் டெஸ்க்டாப்களையும் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சின்ன வேலை. விண்டோவை மூடும் பொத்தான் வலது மூலையில் இருக்கிறது, அதை இடது பக்கம் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்மாவின் சிஸ்டம் செட்டிங்ஸில் விண்டோ டெக்கரேஷன் பகுதிக்குப் போனால் மாதிரிக்கு ஒரு டைட்டில் பார் வரைந்திருக்கும். பொத்தானை மவுஸால் பிடித்து இழுத்து இடது பக்கம் விட்டால் வேலை முடிந்தது. எக்ஸ்எஃப்சிஇயிலும் அதே இழுத்துவிடும் கதைதான். சின்னமனில் ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும். க்னோமின் செட்டிங்ஸிலோ இதற்கு இடமே கிடையாது. ட்வீக்ஸ் என்ற தனி ஆப்பை நிறுவ வேண்டும், இல்லையென்றால் டெர்மினலில் கட்டளை அடிக்க வேண்டும். போதாக்குறைக்கு, மினிமைஸ், மேக்ஸிமைஸ் பொத்தான்களையே க்னோம் இயல்பாகக் காட்டுவதில்லை. இந்த ஒரு வேலையிலேயே நான்கின் குணமும் பாதி தெரிந்துவிடும்.

பிளாஸ்மா தோற்றத்தை அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது. நிறம் தனி, ஆப்களின் ஸ்டைல் தனி, பேனலின் (டாஸ்க்பார் பட்டையின்) ஸ்டைல் தனி, விண்டோ டெக்கரேஷன், ஐகான், கர்சர், ஸ்பிளாஷ் ஸ்கிரீன் எல்லாமே தனித்தனி. இவற்றில் எது நீடிக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு நிறத்திட்டக் கோப்பைத் திறந்து பாருங்கள். விண்டோ, பொத்தான், தேர்ந்தெடுத்த வரி என்று தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் மூன்று மூன்று எண்களாக நிறங்கள். பிளாஸ்மாவோடு இயல்பாக வரும் பிரீஸ் தீமின் அந்தப் பழகிப்போன நீலம் 61, 174, 233. அவ்வளவுதான், உள்ளே நிரல் எதுவும் கிடையாது. உடைவதற்கு ஒன்றும் இல்லாததால் பதிப்பு மாறினாலும் இது பிழைத்துக்கொள்ளும்.

குளோபல் தீம் அப்படியல்ல. மேற்சொன்ன அடுக்குகளை எல்லாம் ஒரே சொடுக்கில் மாற்றிவிடும், கூடவே நிரலையும் கொண்டுவரும். 2024 மார்ச்சில் பிளாஸ்மாவை உருவாக்கும் கேடிஇயின் ஸ்டோரிலிருந்து இப்படி ஒரு குளோபல் தீமை நிறுவிய ஒருவரின் சொந்தக் கோப்புகளே அழிந்துபோயின. தீமை எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, ஸ்கிரிப்ட்டில் இருந்த கோளாறுதான் காரணம். அதன்பிறகு கேடிஇ தரப்பே பயனர்களை எச்சரித்தது. அதற்கு முந்தைய மாதம் வந்த பிளாஸ்மா 6-ல் பழைய குளோபல் தீம்களும் விட்ஜெட்களும் திருத்தி எழுதினால்தான் ஓடும் என்ற நிலை வேறு. நான் யாருக்கும் குளோபல் தீமைச் சிபாரிசு செய்வதில்லை. பிரீஸை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்திட்டம், ஐகான், பேனலின் இடம் ஆகிய மூன்றை மட்டும் மாற்றினாலே டெஸ்க்டாப் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். வால்பேப்பரிலிருந்தே அழுத்த நிறத்தை (பொத்தான், தேர்ந்தெடுத்த வரி போன்றவற்றை எடுத்துக்காட்டும் நிறம்) எடுத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. எதையெல்லாம் மாற்றினோம் என்பதே மறந்துவிட்டதா? மாற்றிய இடங்களைச் சுட்டிக்காட்டும் பொத்தான் சிஸ்டம் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. இத்தனை விருப்பத்தேர்வுகளைக் கொட்டி வைத்தவர்கள் இதையாவது செய்தார்களே.

க்னோம் விஷயத்துக்கு வருவோம். இங்கே சண்டை கொள்கை அளவிலேயே இருக்கிறது. 2019-ல் க்னோம் ஆப்களை எழுதுகிறவர்கள் சிலர் ஒரு திறந்த மடல் வெளியிட்டார்கள்: டிஸ்ட்ரோக்கள் (உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகள்) எங்கள் ஆப்களுக்குத் தங்கள் தீமைப் பூசி அனுப்ப வேண்டாம் என்று. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. யாரோ எழுதிய கறுப்புத் தீமில் எழுத்தும் கறுப்பாகிவிட்டால், புகார் வந்து நிற்பது ஆப்பை எழுதியவர் வாசலில்தான். 2022-ல் க்னோம் 42 வந்தபோது ஆப்களின் பொத்தான், பட்டியல் போன்றவற்றை வரையும் லிப்அட்வைட்டா என்ற நிரல் நூலகமும் ஆப்களுக்குள் பரவலாக நுழைந்தது. அதைப் பயன்படுத்தும் ஆப்கள் நீங்கள் ட்வீக்ஸில் தேர்ந்தெடுத்த தீமைக் கண்டுகொள்ளாது. கையால் எழுதிய சிஎஸ்எஸ் (தோற்றத்தை விவரிக்கும் குறிமொழி) கோப்பை கான்ஃபிக் ஃபோல்டருக்குள் போட்டு ஏமாற்றலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த வழிக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை, நூலகம் மாறினால் நீங்களும் திரும்ப உட்கார வேண்டும்.

எக்ஸ்டென்ஷன்கள், அதாவது க்னோமில் கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரல்கள்? டேஷ் டு டாக், பிளர் மை ஷெல், ஜஸ்ட் பெர்ஃபெக்ஷன் எல்லாம் அருமையானவை. இவை ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டு க்னோம் ஷெல்லுக்குள்ளேயே ஓடுகின்றன. அதனால்தான் எதை வேண்டுமானாலும் மாற்ற முடிகிறது, அதே காரணத்தால்தான் ஷெல்லின் உள்கட்டமைப்பு அசைந்தால் இவையும் விழுகின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. எந்தெந்தப் பதிப்பில் ஓடும் என்று ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் தன் கோப்பில் எழுதி வைத்திருக்க வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45, நிரல் பகுதிகளை உள்ளே அழைக்கும் முறையையே மாற்றியது. பழைய எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. க்னோம் அதிகாரபூர்வமாகவே தருவது என்று பார்த்தால் இருள் தோற்றம், 47-ஆம் பதிப்பில் வந்த ஒன்பது அழுத்த நிறங்கள், வால்பேப்பர். இதோடு இரண்டு மூன்று எக்ஸ்டென்ஷன் போதும் என்பவருக்கு இதைவிட நேர்த்தியான டெஸ்க்டாப் கிடையாது. பத்து எக்ஸ்டென்ஷன் தேவைப்படுகிறது என்றால் உங்களுக்கு வேண்டியது க்னோமே இல்லை.

சின்னமன், க்னோம் 3 பிடிக்காமல் லினக்ஸ் மின்ட் குழு 2011-ல் தொடங்கியது. தீம், ஆப்லெட் (பேனலில் அமரும் குட்டி ஆப்), டெஸ்க்லெட் (டெஸ்க்டாப்பின் மேல் அமரும் குட்டி ஆப்), எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் செட்டிங்ஸுக்குள்ளிருந்தே இறக்கிக்கொள்ளலாம், பிரவுசர் பக்கமே போக வேண்டாம். லிப்அட்வைட்டா தீமை ஏற்காது என்றானதும், ஏற்கும்படி அதிலிருந்து லிப்அடாப்டா என்று ஒன்றைப் பிரித்து எடுத்ததும் இவர்கள்தான். பிளாஸ்மா அளவுக்கு ஆழம் இல்லை. வேறொருவர் கணினியை அழகுபடுத்திக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் போடுவேன்.

எக்ஸ்எஃப்சிஇயை முதல் பார்வையில் யாருக்கும் பிடிக்காது. ஆனால் நிலைப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. 4.16, 4.18, 4.20 மூன்றும் முறையே 2020, 2022, 2024 டிசம்பரில் வந்தன, இரண்டு வருடத்துக்கு ஒன்று. விண்டோ தீம் என்பது இங்கே ஒரு ஃபோல்டர் நிறையக் குட்டிக் குட்டிப் படங்கள்: மூடும் பொத்தான் இயல்பாக ஒன்று, அழுத்தும்போது ஒன்று, விண்டோ பின்னால் போகும்போது ஒன்று. எக்ஸ்பிஎம் வடிவத்தில் இருப்பதால் டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தாலே குறியீடுகள் கட்டம் கட்டமாக நின்று அந்தப் பொத்தானின் வடிவம் தெரியும். நிறத்துக்கான எழுத்தை மாற்றிச் சேமித்தால் பொத்தான் மாறிவிடும். பல வருடப் பழைய தீம்களும் இன்றும் ஓடுகின்றன. பேனல் அமைப்பு முழுவதையும் ஒரே கோப்பாகச் சேமித்து வைக்க பேனல் ப்ரொஃபைல்ஸ் என்ற கருவி இருக்கிறது.

விண்டோக்களைத் தானாக அடுக்கிவைக்கும் ஐ3, ஸ்வே, ஹைப்பர்லேண்ட் இவற்றை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அங்கே எல்லாமே கான்ஃபிக் கோப்பில் நீங்கள் எழுதுவதுதான், ஹைப்பர்லேண்டில் பேனல்கூடத் தனியாகத் தேட வேண்டிய பொருள். ரசித்துச் செய்பவர்களுக்கு அது வேறு உலகம்.

எந்த டெஸ்க்டாப்பாக இருந்தாலும் இரண்டு இடங்களில் கை எட்டாது. ஒன்று, டைட்டில் பாரைத் தானே வரைந்துகொள்ளும் ஆப்கள். பிளாஸ்மாவிலோ எக்ஸ்எஃப்சிஇயிலோ பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த விண்டோ டெக்கரேஷன் இவற்றின்மேல் ஏறாது. இன்னொன்று ஃபிளாட்பேக், அதாவது எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும்படி ஆப்களைப் பொதிந்து தரும் முறை. தனிக் கூண்டுக்குள் ஓடுவதால் உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் தீம் அதன் கண்ணில் படாது. அதே தீம் ஃபிளாட்பேக் பொதியாகவும் கிடைக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்த ஃபோல்டரைப் படிக்க அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். ஆப்களை எல்லாம் ஃபிளாட்பேக்காகவே நிறுவுகிறவர் தீம் தேடும் முன் இதைச் சரிபார்த்துவிடுவது நல்லது. புதுத் தீம் எதுவானாலும் தனியாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் போட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் கணக்கை நீக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.