மூன்று கார், ஒரு ரோடு: ஷாக்கா, தாழ்த்தும் ஸ்பிரிங்கா, கோயிலோவரா?

அழகியமண்டபத்தில் மெயின் ரோட்டை விட்டுத் திரும்பி, வேர்க்கிளம்பி, திருவட்டாறு, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை வரை ஓட்டிப் பாருங்கள். நேராக அரை கிலோமீட்டர் கிடைப்பதே அபூர்வம். ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு வளைவு, வளைவின் நடுவில் பள்ளம், பள்ளத்தைத் தாண்டியதும் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் வேகத்தடை. 2011 கணக்கெடுப்பில் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் இருந்தார்கள். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஜில்லாவில் வேகத்தடைக்கும் முடிவு கிடையாது. வழவழப்பான பந்தயப் பாதையில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு சஸ்பென்ஷன் சாமான் வாங்குகிறவர்கள் முதலில் இந்த ரோட்டை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

என் வண்டி 2012 ஸ்விஃப்ட் டீசல். லட்சம் கிலோமீட்டர் தாண்டியதும் வளைவில் தோணி போலச் சாய ஆரம்பித்தது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்புற இறங்கும். மேட்டில் ஏறி இறங்கினால் இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் நிற்கும். மாமா மகனிடம் இருப்பதும் அதே மாடல். அவன் 35 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டிருக்கிறான். கொளச்சல் பக்கம் கடலை ஒட்டிக் குடியிருக்கும் நண்பர் ஒருவர் அதே ஸ்விஃப்டில் கோயிலோவர் செட் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தது) மாட்டியவர். நான் ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) புஷ்ஷும் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளை) மட்டும் மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் சாவியை மாற்றி மாற்றிப் பேச்சிப்பாறை வரை போய் வந்தோம். கருவி வைத்து எதையும் அளக்கவில்லை. கையும் இடுப்பும் சொன்னதுதான் கணக்கு. என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நம் ரோட்டுக்கு ஷாக் முதலில், டயர் அடுத்து, மற்றதெல்லாம் அப்புறம்.

காரை விறைப்பாக்கினால் பிடிமானம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு எவ்வளவு எடை மாறும் என்பதைப் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் முடிவுசெய்கின்றன: எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம், காரின் எடை மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இரண்டு சக்கரங்களுக்கும் இடையே எவ்வளவு அகலம். ஸ்பிரிங்கை எவ்வளவு விறைப்பாக்கினாலும் அந்த மொத்த எடை மாற்றம் அநேகமாக அப்படியேதான் இருக்கும். அதில் முன்பக்கத்துக்கு எவ்வளவு, பின்பக்கத்துக்கு எவ்வளவு என்ற பங்கீடுதான் மாறும். பள்ளம் விழுந்த வளைவில் விறைப்பு கூடிப்போனால் டயர் தரையைவிட்டுத் துள்ளும். துள்ளும் டயருக்குப் பிடிமானமே கிடையாது.

ஷாக்

ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக். நானும் முதலில் தாழ்த்தும் ஸ்பிரிங் வாங்கும் ஆசையோடுதான் தக்கலைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணன் முன்பக்க பானெட்டின் ஓரத்தை அமுக்கி விட்டுப் பார்த்தார், டார்ச் அடித்துச் சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தார். ஷாக்கின் உடம்பெல்லாம் எண்ணெய் கசிந்து மண் ஒட்டியிருந்தது. “மக்கா, ஷாக்கு செத்துக் கெடக்கு. இதுல ஸ்பிரிங்க மாத்தி என்ன செய்ய?” என்றார்.

கையால் அமுக்கிப் பார்க்கும் சோதனையில் முற்றிலும் செத்த ஷாக்தான் மாட்டும். பாதி உயிரோடு இருப்பது அதில் தெரியாது. எண்ணெய்க் கசிவு, டயரின் மேல் அலை அலையாகத் தேய்மானம், வளைவில் பள்ளம் வந்தால் வண்டி ஒரு பக்கமாக நகர்ந்து போவது, இந்த மூன்றையும் நம்பலாம்.

கேப்ரியல், மன்ரோ, கேஒய்பி என்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு குழாய் வகை. உள் குழாயில் பிஸ்டன், வெளிக் குழாயில் மிச்ச எண்ணெய், அதன் மேல் சில பார் அழுத்தத்தில் நைட்ரஜன். பில்ஸ்டீன் பி6 போன்றவை ஒற்றைக் குழாய் வகை. அதில் வாயு 20 முதல் 30 பார் வரை அழுத்தத்தில் தனி அறையில் இருக்கும். தொடர்ந்து குலுங்கும்போது எண்ணெய் சூடாகி நுரைத்தால் ஷாக் தளர்ந்துவிடும். அதிக அழுத்தம் அந்த நுரையைத் தடுக்கிறது. பேச்சிப்பாறையிலிருந்து கோதையாறு போகும் பாதை மாதிரி மணிக்கணக்கில் ஆடும் ரோட்டில் இந்த வித்தியாசம் தெரியும். நாகர்கோவிலுக்குள் ஆபீஸ் போய் வருகிறவருக்கு இரண்டு குழாயே போதும். நான் போட்டதும் அதுதான்.

ஷாக்கோடு முன்பக்க ஸ்ட்ரட் மவுண்ட், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க இறங்கினால் இடிக்கும் ரப்பர் கட்டை), லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) புஷ், லிங்க் ராட் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினேன். இங்கே ஒரு பட்ட அனுபவம். புஷ் வேலையை முதலில் வேறோர் இடத்தில் செய்தேன். வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்டை முழுக்க முறுக்கிவிட்டார்கள். ரப்பர் புஷ் அந்த நிலையில் இறுகிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் முறுக்கேறியபடியே கிடக்கும். மூன்று மாதத்தில் கிழிந்தது. வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு. புஷ் மாற்றுகிறவர்கள் பக்கத்தில் நின்று இதைக் கேட்டு வாங்குங்கள்.

பலன் என்ன? சாய்வின் அளவு பெரிதாகக் குறையவில்லை. நிலையான வளைவில் ஷாக் அதைக் குறைக்கவும் செய்யாது. சாய்கிற வேகம்தான் மாறியது. முன்பு ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு கணம் யோசித்து, தொப்பென்று சாய்ந்து, பிறகு திரும்பும். இப்போது கையோடு சேர்ந்து சாய்கிறது, நிற்கிறது. திருவட்டாறு தாண்டி இடதும் வலதுமாக அடுத்தடுத்து வரும் வளைவுகளில் மூன்று கார்களில் என் கையில் அதிகம் அடங்கியது இதுதான். இது என் சொந்த வண்டி என்ற பாசத்தையும் கழித்துக்கொள்ளுங்கள்.

தாழ்த்தும் ஸ்பிரிங்

மாமா மகனின் கார் நிற்கும்போது அழகு, அதை மறுக்கவில்லை. பள்ளமில்லாத அபூர்வமான இடங்களில் திருப்பினால் உடனே பாய்கிறது, சாய்வும் குறைவு. ஆனால் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு ஷாக்கைப் பழையபடியே விட்டிருக்கிறான். 30 சதவீதம் விறைப்பு கூடிய ஸ்பிரிங்கில் ஆட்டத்தின் வேகம் சுமார் 14 சதவீதம் கூடும். அதை அடக்கக் கம்பெனி ஷாக்குக்குத் தெம்பு போதாது. குலசேகரம் போகும் வழியில் அவன் வண்டி குதிரைக்குட்டி போலத் துள்ளிக்கொண்டே போனது. அத்தோடு ஷாக் கீழே இறங்க இருந்த இடத்தில் 35 மி.மீ. ஏற்கெனவே போய்விட்டது. ஐந்து பேர் ஏறினால் பம்ப் ஸ்டாப்பில் இடித்து நிற்கிறது. வளைவில் அப்படி இடித்தால் ஸ்பிரிங் என்ற ஒன்றே இல்லாதது மாதிரி. அந்தச் சக்கரம் திடீரென்று வழுக்கும்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. ஸ்விஃப்டில் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நின்று சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு. காரைத் தாழ்த்தினால் லோயர் ஆர்மின் வெளிமுனை மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், எடை மையம் இறங்குவதைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுகிறது. அதாவது காரைச் சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிறது. தாழ்த்தியதால் சாய்வு குறையவில்லை. விறைப்பான ஸ்பிரிங் அதை மறைக்கிறது, அவ்வளவுதான். தாழ்த்த வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் 20 மி.மீ. அளவோடு நிறுத்தி, அதற்கென்றே குட்டையாகச் செய்த ஷாக்கோடு சேர்த்து வாங்க வேண்டும். பில்ஸ்டீனில் பி8 அதற்குத்தான்.

வேகத்தடைக்கு வருவோம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி மேடு 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். ஸ்விஃப்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2.43 மீட்டர். எனவே விதிப்படி கட்டிய மேட்டில் தாழ்ந்த காரும் தடவாமல் ஏறி இறங்கும். நம் முடுக்குகளில் கிடப்பது விதிப்படி கட்டியதா? சிமென்ட் மிச்சம் இருந்தவர் எல்லாம் போட்டுவைத்த மேடு. 170 மி.மீ. தரை இடைவெளியில் 35 போய், ஆள் எடையில் இன்னும் கொஞ்சம் போனால், மாமா வீட்டு முடுக்கில் இருக்கும் மேட்டில் வயிறு உரசாமல் இருக்காது. அதனால் மாமி மேட்டுக்கு முன்னால் இறங்கி, காய்கறிப் பையோடு நடந்து, மேடு தாண்டியதும் ஏறிக்கொள்வார். “காரு வாங்குனது நடக்கதுக்கா?” என்று கேட்டுக்கொண்டேதான் ஏறுவார்.

பணம் மிச்சம் பிடிக்கக் கம்பெனி ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுப்பவர்கள் உண்டு. ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் விறைப்பு 20 சதவீதம் கூடும். ஆனால் அறுத்த முனை ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் கழன்று நகரலாம். வேண்டாம்.

கோயிலோவர்

ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே செட்டாக வரும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், நல்ல செட்டாக இருந்தால் ஷாக்கின் இறுக்கத்தையும் திருகிக்கொள்ளலாம். ஸ்பிரிங் காலரை (ஸ்பிரிங்கைத் தாங்கும் மரை வளையம்) இறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்று நண்பரே நினைத்திருந்தார். சீரான ஸ்பிரிங்கில் அப்படி ஆகாது. உயரமும் மேலும் கீழும் அசையும் தூரமும்தான் மாறும்.

இந்த வண்டிதான் மூன்றில் மிகத் துல்லியம். அதன் அருமை பேச்சிப்பாறை ரோட்டில் தெரியவில்லை. இன்னொரு நாள் ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் வழியாக நான்குவழிச்சாலையில் ஓட்டியபோதுதான் தெரிந்தது. கணவாய்க் காற்று பக்கவாட்டில் அறைகிறது, சுற்றிலும் காற்றாலைகள் சுழல்கின்றன, வண்டியோ தண்டவாளத்தில் போவது மாதிரிப் போகிறது. என் கார் அங்கே இரண்டு தடவை அசைந்துகொடுத்தது.

பிரச்சினை கடல். நண்பர் வீட்டில் கதவுக் கொண்டியே இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கும். கோயிலோவரின் உயிரே அதன் மரையில் இருக்கிறது. உப்புக் காற்றும் ரோட்டு மண்ணும் சேர்ந்து காலரை இறுக்கிவிட்டன. இப்போது சுத்தியலுக்கும் அசைவதில்லை. உயரத்தை மாற்றலாம் என்று காசு கொடுத்தவர் ஒரே உயரத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். கேடபிள்யூ போன்ற கம்பெனிகள் துருப்பிடிக்காத எஃகில் செய்கின்றன. விலையும் அதற்கேற்றபடி, அந்தப் பணத்தில் நான்கு ஷாக்கும் நான்கு புது டயரும் வாங்கிவிட்டு மிச்சமும் பிடிக்கலாம். தேய்ந்தால் பிரித்து எண்ணெய் மாற்றித் தர ஆள் தேடி வெளியூர் அனுப்ப வேண்டும். முட்டம், மணவாளக்குறிச்சி, கொளச்சல் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் மலிவான கோயிலோவர் பக்கமே போக வேண்டாம்.

மிச்சம் இருப்பவை

ஸ்டெபிலைசர் பார் (இடது, வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி) மாற்றுவது கெட்டிக்கார வழி. உயரமும் நேர் ரோட்டு சொகுசும் அநேகமாக அப்படியே இருக்க, சாய்வு மட்டும் குறையும். கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்குப்படி விறைப்பு கூடும், 20 மி.மீ. கம்பியை 22 ஆக்கினாலே 46 சதவீதம். ஸ்விஃப்ட் போன்ற முன்சக்கர வண்டியில் பின்பக்கம் கூடுதல் பார் போட்டால், வேகமாகத் திருப்பும்போது முன்பக்கம் நேராக ஓடப் பார்ப்பது குறையும். ஆனால் இங்கே இடவப்பாதி, துலாமழை என்று இரண்டு மழைக்காலமும் உண்டு. நனைந்த செம்மண் படிந்த வளைவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சுழலப் பார்க்கும். கை தேர்ந்தவருக்குச் சரி. வீட்டில் நாலு பேர் ஓட்டும் வண்டிக்கு நான் போட மாட்டேன்.

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் செருகும் ரப்பர் பஃபர்: தொய்ந்த ஸ்பிரிங்குக்கு ஒட்டுத்துணி. தொய்ந்தால் ஸ்பிரிங்கையே மாற்றுங்கள். பாலியூரித்தேன் புஷ் நன்றாக உழைக்கும், ஸ்டியரிங்கும் துல்லியமாகும். கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். பானெட்டுக்கு அடியில் இரண்டு ஸ்ட்ரட்டின் தலையையும் இணைத்துப் போடும் ஸ்ட்ரட் பார் பெரும்பாலும் பானெட்டைத் திறந்து காட்டத்தான்.

டயரில்தான் மலிவான வித்தை இருக்கிறது. அடிப்படை ஸ்விஃப்டில் வருவது 165/80 ஆர்14, மேல் வேரியண்டில் 185/65 ஆர்15. இரண்டின் வெளி விட்டமும் கிட்டத்தட்ட 620 மி.மீ.தான். அதனால் 14 இஞ்சிலிருந்து 15 இஞ்ச் சக்கரத்துக்கு மாறினால் ஸ்பீடோமீட்டர் மாறாது, பக்கச்சுவர் குட்டையாகும், ஸ்டியரிங் கூர்மையாகும். என்ன மாற்றினாலும் கடைசியில் வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினாலே முன்சக்கரக் கோணம் மாறிவிடும்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. கம்பெனி அளவிலேயே ஷாக், புஷ் மாற்றினால் எந்தக் கேள்வியும் வராது. அதற்கு மேல் எதைச் செய்தாலும் முதலில் இன்ஷூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

அன்று பேச்சிப்பாறை அணைக்கட்டுப் பக்கம் நிறுத்தி டீ குடிக்கும்போது மாமா மகன் என் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். “மச்சான், வண்டி கொள்ளாம்” என்றான். அடுத்த மாதமே குட்டை ஷாக் வாங்கிப் போட்டுவிட்டான். துள்ளல் பாதிக்கு மேல் அடங்கியது. ஸ்பிரிங்கை மட்டும் கழற்ற மாட்டேன் என்கிறான். முடுக்கு மேட்டில் மாமி இன்னும் இறங்கித்தான் நடக்கிறார்.