ஹெல்மெட், ஏபிஎஸ், பயிற்சி: உயிர் காப்பதில் எது முந்துகிறது?

பைக் விபத்தில் உயிர் போவது பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று, எதிரே வரும் கார் பைக்கைக் கவனிக்காமல் குறுக்கே திரும்புவது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சுமார் 900 விபத்துகளை ஆராய்ந்து 1981இல் வெளிவந்த ஹர்ட் அறிக்கை, விபத்துகளில் நான்கில் மூன்று பங்கு இன்னொரு வாகனத்தோடு மோதியவை என்றது. சுதாரிக்கக் கிடைத்தது பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவு. இன்னொரு விதம், யாரும் குறுக்கே வராமலே வளைவில் சாலையை விட்டு விலகி விழுவது. வேகமும் குடியும் இரவும் அங்கே அடிக்கடி கூட்டுச் சேர்கின்றன.

இதற்கு மூன்று பாதுகாப்புகள் இருக்கின்றன: ஹெல்மெட், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், ஓட்டும் பயிற்சி. பணமும் நேரமும் அளவாகத்தான் இருக்கிறது என்றால் எதில் தொடங்குவது?

ஹெல்மெட்டில்தான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வுக் கணக்கில், அது மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வர முடியாது. ஆனால் எந்த ஹெல்மெட்? அடிபட்ட ஹெல்மெட்டுகளைப் பரிசோதித்த ஜெர்மானிய ஆய்வாளர் டீட்மார் ஓட்டே, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடி தாடைப் பகுதியில் விழுந்திருப்பதைக் கண்டார். முகம் திறந்த வகையில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. முழு முகம் மூடும் வகையையே வாங்குங்கள். வார் மாட்டிய பிறகு பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டிப் பாருங்கள். கழன்று வந்தால், அது எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் உங்களுக்கு உதவாது.

ஹெல்மெட் அடி விழுந்த பிறகு காக்கிறது. ஏபிஎஸ் அடி விழாமலே பார்த்துக்கொள்ள முயல்கிறது. பதற்றத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு பைக் சாய்ந்துவிடும். அந்தப் பயத்தில் பலர் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள், நிற்க வேண்டிய தூரம் நீண்டுபோகிறது. ஏபிஎஸ் இருந்தால் பயமில்லாமல் இரண்டையும் முழு பலத்தோடு பிடிக்கலாம். ஒரே மாடலில் ஏபிஎஸ் உள்ளதையும் இல்லாததையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில், உள்ளவற்றில் உயிர்ப்பலி விபத்து விகிதம் 22 சதவீதம் குறைந்திருந்தது. பைக் நன்றாகச் சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏபிஎஸ் முழுதாகக் கைகொடுக்காது. ஆக, வளைவு மரணங்களுக்கு இது அரைமருந்துதான். இருந்தாலும் புது பைக் வாங்குகிறவர் அலாய் வீலையும் கூடுதல் குதிரைத்திறனையும் விட்டுவிட்டு இதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பேன்.

பயிற்சி மேல்தான் எல்லோருக்கும் நம்பிக்கை அதிகம், ஆதாரமோ குறைவு. எந்த வகைப் பயிற்சி விபத்தைக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்லப் போதுமான சான்று இல்லை என்பதுதான் 2010இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வின் முடிவு. வேகமாக வளையக் கற்றுத்தரும் வகுப்புகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாகவே இருக்கிறது. திறமை கூடுவதைவிடத் துணிச்சல் சீக்கிரம் கூடிவிடுகிறது. அவசரமாக நிறுத்தவும், சாலைச் சந்திப்பில் கார் நின்றாலே வேகத்தைத் தணிக்கவும் பழக்குகிற வகுப்பு என்றால் சரி, சேரலாம்.

வேகம் கூடினால் மூன்றுமே தளர்ந்துவிடும். மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 60க்குப் போனாலே மோதல் ஆற்றல் 44 சதவீதம் ஏறுகிறது. ஐரோப்பியத் தரச் சோதனையிலோ ஹெல்மெட்டை இரும்புப் பரப்பில் மோதவிடும் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைக்கூடத் தாண்டுவதில்லை.