அக்கா என்று கூப்பிட்டு 28,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்: பிள்ளைகளுக்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

நேற்று மாலை அந்தக் கடைக்காரர் என்னை "மேடம்" என்று கூப்பிட்டார். ஆவணியில் பணத்தை எண்ணி வாங்கும்போது வாய்க்கு வாய் "அக்கா" என்றவர். அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது, 28,500 ரூபாய் திரும்பி வராது என்று. ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போகட்டும், நம் நேரம்" என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

கடையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் வழக்குப் போடுவாராம், நேற்றே சொல்லிவிட்டார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில், கண்ணாடிக் கதவு போட்டு, கம்பெனிகளில் கழித்த லேப்டாப்களைத் துடைத்து விற்கும் கடை. அப்படி ஒரு கண்ணாடிக் கதவு உங்கள் ஊரிலும் இருக்கும்.

நான் விருத்தாசலத்தில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். மகளுக்கு இந்த ஆண்டு கவுன்சலிங்கில் சென்னையில் கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் முதல் என்ஜினீயர். சேர்ந்த வாரமே லேப்டாப் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப்போ டேப்லெட்டோ கொடுக்கப்போவதாக 2025 மார்ச் பட்ஜெட்டில் அரசு அறிவித்ததுதான். ஆனால் அது கைக்கு வரும்வரை பாடம் காத்திருக்குமா? புதிதாக வாங்கினால் நாற்பதாயிரத்துக்குக் குறைந்து நம்பி வாங்கும்படி எதுவும் இல்லை என்று மகளுடைய சீனியர் சொன்னாள். மகளிர் குழுவில் இருபதாயிரம் கடன் எடுத்தேன். சீட்டுப் பணத்தில் எட்டாயிரத்து ஐந்நூறு. அதற்கு மேல் புரட்ட வழியில்லை.

சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் என்று சிலர் சொன்னார்கள். என் தம்பிதான் தடுத்தான். "அங்கே நமக்கு யாரைத் தெரியும் அக்கா? தலையில் கட்டிவிடுவார்கள். உள்ளூரில் வாங்கினால் நாளைக்குப் போய்க் கேட்கலாம்" என்றான். நியாயமாகத்தான் பட்டது. இப்போது அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறான், பாவம். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ஆவணி பிறந்ததும் ஒரு நல்ல நாளில் மகளோடு போனேன். அந்த ஆள் செய்த மரியாதையை என்னவென்று சொல்வது! நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். மகளிடம் கட்-ஆஃப் எவ்வளவு என்று கேட்டார். சொன்னதும், "அக்கா, நீங்கள் தைத்துத் தைத்தே பிள்ளையை இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டீர்கள்" என்றார். என் தொழில் அவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். அவருடைய மனைவியின் சிநேகிதி என்னிடம் தைப்பவராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தில்தான் விழுந்தேன் என்று இப்போது புரிகிறது. அதற்குப் பிறகு அவர் எதைக் காட்டியிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

அவர் காட்டியது கறுப்பு நிற லேப்டாப். கைவைக்கும் இடத்தில் பளபளவென்று ஓர் ஒட்டுவில்லை: ஐ7, எட்டாம் தலைமுறை. லேப்டாப்பின் மூளையான இன்டெல் பிராசஸரின் வகையும் தலைமுறையுமாம். "ஐ5 எல்லோரும் கொடுப்பார்கள், நம் பாப்பாவுக்கு ஐ7 கொடுக்கிறேன். நான்கு வருஷம் அசையாது. பேட்டரி புதிது. ஆறு மாதம் வாரண்டி." முப்பத்திரண்டு சொல்லி, நான் கையில் இருப்பதைச் சொன்னதும் பெருமூச்சு விட்டு, "உங்களுக்காக" என்று 28,500க்கு இறங்கி வந்தார். என்னிடம் இருந்ததே அவ்வளவுதான் என்று அப்போதே சொல்லியிருந்தேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பணம் கொடுத்ததும் மேஜை இழுப்பறையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து, லேப்டாப்பைத் திறந்து, தம் கையாலேயே ஒரு பொட்டு வைத்தார். வைத்த இடம் எது தெரியுமா? சரியாக அந்த ஒட்டுவில்லையின் மேல். மகள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பில் கேட்டேன். "ஜிஎஸ்டி பில் போட்டால் பதினெட்டு சதவீதம் கூடும் அக்கா, உங்களுக்கு எதற்கு வீண் செலவு?" என்று எஸ்டிமேட் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "லேப்டாப் ஐ7, 1, 28,500." அவ்வளவே எழுத்து. துணிக்கடையில் ஐம்பது ரூபாய் லைனிங் துணிக்குக்கூட பில் வாங்குகிறவள் நான்.

பத்தாவது நாள் மகள் போன் செய்தாள். லேபில் உட்கார்ந்து நாற்பது நிமிஷத்தில் அணைந்துவிடுகிறதாம். சார்ஜ் 38 சதவீதம் காட்டும், அடுத்த நிமிஷம் திரை கறுத்துவிடுமாம். அடியில் கை வைக்க முடியாத சூடு. ஹாஸ்டலில் அவளுக்குப் பெயரே "பிளக் பாயிண்ட்" ஆகிவிட்டது. சுவரோரம் இடம் பிடிக்க ஓடுவாளாம்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். புது பேட்டரி பழக வேண்டுமாம், நான்கைந்து முறை முழுதாக ஏற்றி இறக்க வேண்டுமாம். ஏற்றி இறக்கினாள். அடுத்த முறை, ஹாஸ்டலில் வோல்டேஜ் சரியில்லையாம். அதற்கடுத்த முறை, "பாப்பா கேம் ஏதாவது போட்டிருக்கும், கேட்டுப் பாருங்கள்" என்றார். என் பெண் கேம் விளையாடுகிறாளா என்று என்னையே விசாரிக்க வைத்தார், அவளும் அழுதாள். ஆயுத பூஜை விடுமுறைக்கு அவள் வந்தபோது கொண்டுபோய்க் கொடுத்தோம். என்ஜினீயர் ஊருக்குப் போயிருக்கிறார், வைத்துவிட்டுப் போங்கள் என்றார். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. திரையில் புது மலைப் படம் ஒன்று வைத்திருந்தார்கள். அதற்கு "சர்வீஸ்" என்று 600 ரூபாய். விடுமுறை முடிந்து லேப்டாப் இல்லாமல் சென்னைக்குப் போனவளுக்கு அதைப் பார்சலில் அனுப்பினேன். இரண்டே நாள், மறுபடியும் அதே கதை. வாட்ஸ்அப்பில் எழுதினேன். முதலில் நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. பிறகு ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு தையற்காரி கடையை அடைத்துவிட்டு ரயில் ஏறுகிறாள் என்றால் எவ்வளவு வெறுத்திருப்பாள் என்று தையல் தெரிந்தவர்களுக்குப் புரியும். முந்தாநாள் எழும்பூரில் இறங்கி, மகளையும் கூட்டிக்கொண்டு, எந்த ரிச்சி தெருவுக்குப் பயந்தேனோ அங்கேயே போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை போட்டு ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொடுத்தோம்.

அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. ஆன் செய்து, நாலைந்து பட்டனைத் தட்டி, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எங்கள் பக்கம் திருப்பினார்: ஐ7-6600யூ. கோட்டுக்கு அடுத்து இருந்த ஆறைச் சுழித்தார். "இதுதாம்மா தலைமுறை. ஒட்டுவில்லையில் எட்டு, உள்ளே ஆறு. இது 2015இல் வந்த சரக்கு." ஐ7 என்ற பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாதாம். இந்த வகையில் உள்ளே இரண்டு கோர்தான் (வேலை செய்யும் கூறு), எட்டாம் தலைமுறை ஐ5 என்றால் அதிலேயே நான்கு இருக்கும் என்றார். விண்டோஸ் 11க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும், இதில் சோதனையை ஏமாற்றி ஏற்றியிருக்கிறார்கள். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது என்பதால் கம்பெனிகள் பழையதையெல்லாம் கழித்துக் கட்டுகின்றன, அதில் கொஞ்சம் இப்படி ஐ7 பொட்டு வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேட்டரிக்கு விண்டோஸிலேயே ஒரு அறிக்கை எடுக்கலாமாம். எடுத்துக் காட்டினார். புதிதாக இருந்தபோது 50,000 மில்லிவாட்-அவர் சார்ஜ் பிடித்தது இப்போது 16,400தான் பிடிக்கிறது. மூன்றில் ஒரு பங்கு! இதைத்தான் "புதிது" என்று விற்றார். அணைத்து ஆன் செய்தபோது முதல் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி மின்னி மறைந்தது. ஏதோ ஒரு கம்பெனியின் சொத்து என்று எழுதியிருக்கிறது. மகள் அதை முதல் நாளே பார்த்திருக்கிறாள். கடைக்காரரிடம் கேட்டதற்கு, அது வெளிநாட்டுச் சரக்கு என்பதற்கான அடையாளம் என்றாராம். லேப்டாப் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போக பாஸ்வேர்ட் கேட்கிறது. அந்தக் கம்பெனிக்காரன் போட்ட பூட்டு, திறக்காமலே விற்றிருக்கிறார்கள்.

கடைசியாக அந்தப் பெரியவர் நகத்தால் ஒட்டுவில்லையின் ஓரத்தை நெம்பினார். குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது, அதோடு சேர்ந்து உரிந்து வந்தது. கீழே பழைய ஒட்டுவில்லை இருந்த இடம், கொஞ்சம் பெரிய சதுரமாக, பசைப் பிசுக்கில் தூசி அப்பிக்கொண்டு தெரிந்தது. பழைய ரவிக்கையில் பட்டியைப் பிரித்தால் அடியில் சாயம் போகாத துணி தெரியுமே, அந்த மாதிரி. எத்தனை ரவிக்கை பிரித்திருக்கிறேன்! இந்த ஒன்றைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லையே.

பெரியவர் 300 ரூபாய் வாங்கினார். கேட்காமலே ரசீது கொடுத்தார். நான் கொடுத்த விலையில் பாதிகூட இது பெறாது என்றார்.

நேற்று மாலை அந்த ஒட்டுவில்லையை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "மேடம், எட்டாம் தலைமுறை என்று நான் எங்கே எழுதிக் கொடுத்தேன்? சீட்டில் ஐ7 என்று இருக்கிறது, ஐ7 தானே கொடுத்தேன்?" என்றார். பேட்டரிக்கு வாரண்டி கிடையாதாம். சீட்டின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருப்பதைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. பிறகு குரலைத் தாழ்த்தி, மேலே ஒன்பதாயிரம் கொடுத்தால் வேறு மாற்றித் தருகிறேன் என்றார். 28,500 வாங்கியது போதாதா?

அதே நேரம் பக்கத்து நாற்காலியில் ஓர் அண்ணன், பத்தொன்பது வயது இருக்கும் பையனோடு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் டீ. அவர் முன்னால் இன்னொரு கறுப்பு லேப்டாப், அதே பளபளக்கும் ஒட்டுவில்லை. "வாங்காதீர்கள் அண்ணே, உள்ளே எண்ணைப் பாருங்கள்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிருக்கும். அவர் என்னைத் தெருச் சண்டைக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். கடைக்காரர் இழுப்பறையைத் திறந்தார், குங்குமச் சிமிழுக்காக.

எதைப் பார்த்து வாங்குவது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மகள் ஒரு முழுப் பக்கம் எழுதி அனுப்பியும் இருக்கிறாள். அவ்வளவையும் தட்டச்சு செய்ய இப்போது பொறுமையில்லை. ஒட்டுவில்லையைப் பார்க்காதீர்கள், செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போய் பிராசஸர் எண்ணைப் பாருங்கள். இன்டெல் என்றால் கோட்டுக்கு அடுத்த எண் எட்டு அல்லது ஒன்பதாக இருக்க வேண்டும். ஒன்றில் தொடங்கினால் முதல் இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள், பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பேட்டரி அறிக்கையை உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். "நேரமில்லை" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அணைத்து ஆன் செய்து முதல் திரையைப் பாருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல், சீரியல் எண்ணும் தலைமுறையும் வாரண்டியும் எழுதாமல், ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று தயவுசெய்து வாயைத் திறந்து சொல்லாதீர்கள். டீ குடிக்காதீர்கள்.

என்னிடம் தைக்கும் ஓர் அம்மாவின் கணவர் வக்கீல் குமாஸ்தா. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து முதலில் புகாரைப் பதியச் சொன்னார். கடலூர் நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாதாம், இரண்டு ஆண்டுக்குள் போடலாமாம். ஆனால் முதலில் அவரும் கேட்டது பில்லைத்தான். எஸ்டிமேட் சீட்டும், போனில் இருபதாயிரம் அனுப்பிய பதிவும், ஒரு குங்குமம் ஒட்டிய வில்லையும் இருக்கிறது என்றேன். எல்லாவற்றையும் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறார்.

லைனிங் வைத்த ரவிக்கைக்கு 250 ரூபாய் வாங்குகிறேன். 28,500 ரூபாய் என்றால் 114 ரவிக்கை. இப்போது மேஜையில் தீபாவளிக்குக் கொடுக்க வேண்டியது 31 இருக்கிறது, காஜா எடுக்காமல், ஊக்கு வைக்காமல். முதலாமவர் காலை ஏழு மணிக்கு வருகிறார்.