எந்த வாய்க்கால், எவ்வளவு தண்ணீர்: நோட் சர்வரில் லாகை அடக்க டீபக்கா, வின்ஸ்டனா, பினோவா?

கும்பகோணம் பக்கம் 40 போர் மோட்டார்களை மொபைலிலிருந்தே போட்டு நிறுத்த ஒரு நோட் (Node.js) சர்வர் ஓடுகிறது, எழுதியது நான்தான். ஒவ்வொரு மோட்டாரும் 5 விநாடிக்கு ஒருமுறை வோல்டேஜும் ஆம்ப்ஸும் அனுப்பும், அத்தனையையும் லாகில், அதாவது சர்வர் தன் நடப்பை எழுதிவைக்கும் பதிவில், விட்டால் நாளைக்கு 6,91,200 வரி. போன குறுவையில் டீபக் லெவலை (பிழை தேட நுணுக்கமான விவரங்களையும் எழுதவைக்கும் தரம்) திறந்துவிட்டு மூட மறந்துவிட்டேன். டிஸ்க் நிறைந்து சர்வர் நின்றது. விடியற்காலை போன்: "தம்பி, த்ரீ ஃபேஸ் வந்துடுச்சு, மோட்டார் எடுக்கல, நாத்தங்கால் காயுது." அன்றைக்குத்தான் உட்கார்ந்து லாக் எழுதும் லைப்ரரிகளைப் பிரித்துப் பார்த்தேன்.

டீபக் என்ற பெயரிலேயே ஒரு லைப்ரரி உண்டு, ரொம்பச் சின்னது. எந்த வாய்க்காலைத் திறப்பது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும்: சூழல் மாறியில் 'மோட்டார்:*' என்று கொடுத்தால் அந்தப் பகுதி மட்டும் பேசும், முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் அது வாயை மூடும். ஆனால் எச்சரிக்கை எது, பிழை எது என்ற தரம் கிடையாது. லேப்டாப்பில் வேலை பார்க்க அருமை, சர்வருக்கு அது மட்டும் போதாது.

லாக்லெவல் என்ற லைப்ரரியும் சின்னதுதான், சும்மா இருந்தால் வார்னுக்கு (எச்சரிக்கை) கீழே எதையும் காட்டாது. கன்சோலுக்கு ஒரு மூடி, அவ்வளவே.

வின்ஸ்டனில் எரர் 0 முதல் சில்லி 6 வரை லெவல்கள், எண் ஏற ஏற அவசரம் குறையும். ஃபைலுக்கு ஒரு லெவல், கன்சோலுக்கு இன்னொன்று என்று லாக் போகும் ஒவ்வொரு வழிக்கும் தனி மதகு வைக்கலாம். லாகைப் பல இடத்துக்குப் பிரித்து அனுப்புகிறவர்கள் இதையே எடுங்கள்.

நான் பினோவுக்குப் போனேன். ட்ரேஸ் 10, டீபக் 20, இன்ஃபோ 30 என்று ஃபேட்டல் 60 வரை ஏறும், இங்கே எண் ஏற ஏற அவசரம் கூடும், இயல்பாக இன்ஃபோவில் நிற்கும். அதற்குக் கீழே உள்ள அழைப்புகள் வெறும் காலி ஃபங்ஷன் ஆகிவிடுவதால் செலவு மிகக் குறைவு. ஒன்று மட்டும் கவனம்: அழைப்புக்குள்ளேயே ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை (ஆப்ஜெக்டை எழுத்தாக மாற்றும் ஃபங்ஷன்) எழுதினால் லெவல் மூடியிருந்தாலும் அது ஓடத்தான் செய்யும், அதனால் ஆப்ஜெக்டை அப்படியே கொடுங்கள். வெளியே வருவது வரிக்கு ஒரு ஜேசன், கண்ணால் வசதியாகப் படிக்க பினோ-ப்ரெட்டி என்ற துணைக் கருவி வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது சைல்டு லாகர், அதாவது ஒரு தாய் லாகரிலிருந்து பிரித்தெடுக்கும் கிளை. மோட்டாருக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனி லெவல், ஆக எந்த வாய்க்கால் என்பதும் எவ்வளவு தண்ணீர் என்பதும் ஒரே இடத்தில் கைக்கு வந்துவிடுகிறது. தாய் லாகரின் லெவலைப் பிறகு மாற்றினால் ஏற்கெனவே பிறந்த சைல்டுகளுக்கு அது போய்ச் சேராது, இது தெரியாமல் நான் ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன். அப்புறம் ஓர் அட்மின் ரூட் (நான் மட்டும் கூப்பிடும் சர்வர் முகவரி) வைத்து, கேட்ட மோட்டாரை மட்டும் டீபக்குக்கு இறக்கி, 10 நிமிடத்தில் டைமரே திரும்ப இன்ஃபோவுக்கு ஏற்றும்படி செய்தேன். போன வாரம் 17-ம் மோட்டாரை அப்படித் திறந்து பார்த்தால், எடுக்கிற நொடியில் ஒரு ஃபேஸ் மட்டும் விழுகிறது. ஸ்டார்ட்டரில் ஒரு கான்டாக்ட் கருகியிருந்தது.