வெளியூரில் இருந்து மெயில் அனுப்ப எந்த வழி நல்லது?

பயணத்தில் மெயில் படிப்பதில் பெரும்பாலும் தொல்லை இருக்காது. அனுப்பும்போதுதான் மாட்டிக்கொள்வோம். விடுதி வைஃபையில் இன்பாக்ஸ் ஒழுங்காக நிரம்பிக்கொண்டிருக்கும். நாம் எழுதிய பதில் மட்டும் அவுட்பாக்ஸை விட்டு நகராது. மெயிலை எடுத்துவருவது ஐமேப், அனுப்புவது எஸ்எம்டிபி. இரண்டும் வேறு வேறு போர்ட்டில், அதாவது எண்ணிட்ட வாசலில், போகின்றன. ஸ்பாமுக்குப் பயந்து பல இணைய நிறுவனங்கள் எஸ்எம்டிபியின் பழைய போர்ட்டான 25-ஐ அடைத்து வைத்திருக்கின்றன. உங்கள் மெயில் செயலி இன்னும் அந்த 25-இலேயே இருந்தால், ஒரு நெட்வொர்க்கில் போகும் மெயில் அடுத்ததில் போகாது.

இதற்குப் பழைய தீர்வு, எந்த நிறுவனத்தின் இணைப்பில் இருக்கிறோமோ அதன் சர்வர் பெயரையே செயலியில் போட்டுக்கொள்வது. ஒரு காலத்தில் வேறு வழி இல்லை. அப்போது பெரும்பாலான சர்வர்கள் பாஸ்வேர்டு கேட்காது. மெயில் தன் நெட்வொர்க்கின் ஐபி முகவரியிலிருந்து வருகிறதா என்று மட்டும் பார்க்கும். வெளியிலிருந்து வந்தால் "550 ரிலேயிங் டினைட்" (கடத்திவிட மாட்டேன்) என்று திருப்பிவிடும். இன்றைக்கும் சிலர் இதைச் சொல்லித் தருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் முகவரியின் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்று எஸ்பிஎஃப் என்ற பதிவு சொல்கிறது. வழியில் கிடைத்த நிறுவனத்தின் சர்வர் அதில் இருக்காது. மெயில் உங்கள் டொமைனிலிருந்து (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வந்ததுதான் என்று காட்டும் டிகிம் என்ற டிஜிட்டல் கையொப்பமும் விழாது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் தங்களுக்கு அனுப்பும் எல்லாரிடமும் இந்த இரண்டில் ஒன்றாவது வேண்டும் என்கின்றன. உங்கள் திரையில் "அனுப்பப்பட்டது" என்று வந்துவிடும். பெறுபவருடைய ஸ்பாம் பெட்டியில் அது கிடக்கக்கூடும். மெயில் போகாமல் நிற்பதைவிட இது மோசம், ஏனென்றால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

நான் யாருக்கும் முதலில் சொல்வது, எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் மெயில் நிறுவனத்தின் சர்வரிலேயே பாஸ்வேர்டுடன் உள்நுழைந்து அனுப்புங்கள் என்பதுதான். அதற்கென்றே 1998-இல் 587 என்ற தனி போர்ட் வரையறுக்கப்பட்டது. இன்னொன்று 465. ஒரு காலத்தில் கைவிடப்பட்ட இதை, 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணம் திரும்பக் கொண்டுவந்து இதையே பரிந்துரைத்தது. வித்தியாசம் சின்னது, ஆனால் பொது வைஃபையில் முக்கியமானது. 465-இல் முதல் எழுத்திலிருந்தே எல்லாம் மறையாக்கத்தில் போகும். 587-இல் பேச்சு மறைப்பில்லாமல் தொடங்கி, செயலி ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று கேட்ட பிறகுதான் டிஎல்எஸ் என்ற அந்த மறையாக்கம் வரும். நடுவில் இருக்கும் கருவி அந்த வாய்ப்பே இல்லாததுபோல் காட்டிவிட முடியும். செயலியில் "கிடைத்தால் டிஎல்எஸ்" என்று வைத்திருந்தால் உங்கள் பாஸ்வேர்டு அப்படியே வெளியே போகும். அதனால் முதலில் 465; உங்கள் சேவை 587 மட்டும்தான் தருகிறது என்றால் டிஎல்எஸ் கட்டாயம் என்று வைத்துவிடுங்கள். இணைத்ததும் சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழ் சரியில்லை என்று எச்சரிக்கை வந்தால் ஏற்காதீர்கள். பல நேரம் வைஃபையின் உள்நுழைவுப் பக்கத்தை இன்னும் தாண்டவில்லை என்பதே காரணமாக இருக்கும். பிரவுசரைத் திறந்து அதை முடித்துவிட்டு வந்தால் சரியாகிவிடும்.

இந்த வழியின் பலவீனம் விட்டுவிட்டு வரும் இணைப்பு. எஸ்எம்டிபியில் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. மொத்தமும் முதலிலிருந்து போகவேண்டும். இணைப்புக் கோப்பு மெயிலுக்குள் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்தும்விடும்: 15 எம்பி கோப்பு ஏறத்தாழ 20 எம்பி ஆகிவிடும். அது போதாதென்று பல செயலிகள் "அனுப்பியவை" பெட்டிக்கு இன்னொரு நகலை மறுபடி ஏற்றும். ஜிமெயில் அந்த நகலைத் தானே வைத்துக்கொள்கிறது, எனவே அங்கே செயலியின் நகலை நிறுத்திவிடலாம். பெரிய கோப்பென்றால் கிளவுடில் ஏற்றி அதன் லிங்கை மட்டும் அனுப்புவது மேல்.

வெப்மெயில், அதாவது பிரவுசரிலேயே மெயில் பார்ப்பது? போர்ட் தகராறே இல்லை. சாதாரண இணையப் பக்கம் போலவே 443-இல் போவதால் எங்கும் திறக்கும். உங்கள் சொந்தக் கருவியில் என்றால் நல்ல மாற்று வழி. அடுத்தவர் கம்ப்யூட்டரில் என்றால் எனக்கு மனசு ஒப்பாது. தட்டும் எழுத்தை அங்கே என்ன பதிவுசெய்கிறது என்று யாருக்குத் தெரியும்? இன்னொரு பொறியும் உண்டு. புதிய இடத்திலிருந்து நுழையும்போது சேவை சரிபார்ப்புக் குறியீடு கேட்கும். அது எஸ்எம்எஸ்ஸில் வருவது என்றால், வீட்டு சிம்மைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம் போட்டவர் வெளியிலேயே நிற்கவேண்டியதுதான். குறியீடு தரும் ஆத்தென்டிகேட்டர் செயலி நெட் இல்லாமலும் வேலை செய்யும். கிளம்பும் முன்பே அதற்கு மாறிவிடுங்கள். குறியீடு கிடைக்காதபோது பயன்படுத்த சேவை தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போக்குவரத்தை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன், வைஃபை 465, 587 இரண்டையுமே அடைத்திருந்தால் உதவும். அதற்கு மேல் மெயிலுக்காக மட்டும் அதை வாங்கத் தேவையில்லை. பல விபிஎன் சேவைகளே 25-ஐ அடைத்திருக்கின்றன. வேறு நாட்டிலிருந்து நுழைவதாகத் தெரிந்து மெயில் சேவை கணக்கைச் சந்தேகிக்கவும் கூடும்.

போனின் ஹாட்ஸ்பாட்டை நான் இதைவிட மேலே வைப்பேன். உள்நுழைவுப் பக்கம் கிடையாது, இடையில் விடுதிக்காரரின் கருவி கிடையாது. ரோமிங் கட்டணம் இருக்கும்தான், ஆனால் கோப்பில்லாத மெயில் சில கேபி மட்டுமே. அப்புறம், பழுது எங்கே என்று கண்டுபிடிக்கவும் இதுவே சுலபம்: செயலி 465 அல்லது 587-இல் இருந்தும், ஹாட்ஸ்பாட்டில் போகும் மெயில் வைஃபையில் போகவில்லை என்றால் செயலி அமைப்பில் கைவைக்காதீர்கள், கோளாறு அந்த வைஃபையில்தான்.

இதையெல்லாம் கிளம்பும் முன்பே சோதிக்கலாம். வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் ஒரு சின்னக் கோப்போடு வேறு நிறுவனத்தில் இருக்கும் உங்கள் இன்னொரு முகவரிக்கு அனுப்புங்கள். அங்கே போய் ஸ்பாமில் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.